மேற்கணக்கு

மழை விட்டும் போர்டிங் தகரம் சொட்டுகிறது.
தியத்தலாவையில் இது இரண்டாம் தவணை.
துண்டு, ஆள், உறுதி: மூன்று அட்டவணை.
ஒரு வரிக்கு ஒரு சாவி, இரட்டிக்கக் கூடாது
என்கிறார் விஜேகோன் சேர்.
எங்கள் லயத்தில் ஒன்பதாம் காம்பராவுக்குள்
மூன்று குடும்பம், ஒரே அடுப்பு.

பயிற்சிக்கு எங்கள் மேற்கணக்கையே ஏற்றினேன்.
தீபாவளி லீவில் ஜிபிஎஸ்ஸோடு நடந்து எடுத்த புள்ளிகள்:
பீலிக்கரை, பிரட்டுக்களம், மாடசாமி கோயில் மூலை.
கடைசிப் புள்ளி முதலாவதைத் தொட
பலகோணம் சுத்தமாய் மூடிக்கொண்டது.

ஆளையும் உறுதியையும் இணைத்தேன்.
பூச்சியம் வரிகள்.
பிழை என்றுகூடச் சொல்லவில்லை.
நாலுதரம் பார்த்தேன், அரைப்புள்ளிகூடச் சரி.

பக்கத்துக் கட்டில் அயோமி எட்டிப் பார்த்தாள்.
"ஜோடி இல்லாததை அது விட்டுவிடும். லெப்ட் ஜொயின் போடு."

போட்டேன். வந்தார்கள்
அரியமுத்து, பவளரேகா, கொழும்புக் கடையில் நிற்கும் சந்தனராசு,
பேர் வைக்காத ஒரு பிள்ளை,
எண்பத்தாறு வரி.
வலப்பக்கம் நெடுக நல், நல், நல்.
தமிழில் அது நல்ல சொல்.
இங்கே, தெரியாது என்று பொருள்.
ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமமுமில்லையாம்,
அடுத்தடுத்த காம்பராவாக இருந்தாலும்.

தூக்கம் வரவில்லை. நாளைய பாடத்தை இப்போதே பிரித்து
உறுதி எண் வெறுமையாய் இருக்கக் கூடாது என்று
ஒரு விதி எழுதி ஓட்டினேன்.
ஏற்கவில்லை.
ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள் என்கிறது.

அயோமியை எழுப்பிக் காட்டலாமா என்றிருந்தது.