ஏழாவது படி

கீழக்கரையில் எங்கள் வீட்டுக்குள்
பேச்சு உடையாத இடம் ஒன்றுதான்:
மாடிப்படியில் ஏழாவது.

இறங்கினால் அடுக்களை.
ஜுலைஹா மச்சி மைக்ரோவேவைத் திருகுவாள்.
நேற்றைய மீன் ஆணம் சுழலச் சுழல
என் காதுக்குள் யாரோ ஒருவர் குரல்
கருவாடு பிய்ப்பதுபோல் பிய்ந்து வரும்.
முப்பது வினாடி.
டிங்.
குரலுக்கு மறுபடி உடம்பு வரும்.

ஏறினால் மொட்டைமாடி.
வைஃபை எட்டாது. உப்புக்காற்று எட்டும்.
கைபேசி என்னைக் கேட்காமல்
கடலைத் தாண்டிவிடும்.
'இலங்கை உங்களை வரவேற்கிறது.'
பாஸ்போர்ட் இல்லாத நான்
போன மாதம் நான்கு தடவை போய் வந்தேன்.
பில் வந்த அன்று
வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே ஏழாவது படி, ஒரு தலையணை,
சார்ஜருக்கு நீளமான வயர்.
என்ன வேலை என்று கேட்டால்
கொஞ்சம் கூச்சம்தான்:
ஹெட்செட் விற்கும் கம்பெனிக்குப்
புகார் கேட்கிறவள்.

'சார், பக்கத்தில் மைக்ரோவேவ் இருக்கா?
வைஃபை பெட்டி? பிள்ளையின் ரிமோட் கார்?
எல்லாம் ஒரே அலைவரிசை சார்.
ஒரே வாய்க்காலில் பத்து வள்ளம்.'
(வள்ளம் என் சொந்தச் சரக்கு.
எழுதிக் கொடுத்த தாளில் இல்லை.)
'கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.'
நாளுக்கு அறுபது பேரைத் தள்ளி நிற்கச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை படிக்கு பெயிண்ட் அடித்தார்கள்.
ஈரம்.
அடுக்களை முக்காலியில் உட்கார்ந்தேன்.
உடுமலையிலிருந்து குப்புராஜ் என்றொருவர்:
'விட்டு விட்டுக் கேக்குதுங்...'
'சார், பக்கத்தில் மைக்ரோ...'
'என்னதுங்... வேவா...'
'...வேவ் சார்...'
'...லோ...'
'...லோ...'

டிங்.

'இப்ப நல்லாக் கேக்குதுங்க' என்றார்.
'எனக்கும் சார்.'
இதுவும் தாளில் இல்லை.
அவர் பக்கம் ஒரு மூடி திறக்கும் சத்தம்.
பருப்போ, நேற்றைய சோறோ.
என் பக்கம் மச்சி
சுட்டுக்கொண்ட விரலை ஊதிக்கொண்டிருந்தாள்.
அடித்தது யார் வீட்டு மணி?
கேட்டிருக்கலாம். பேச்சு பதிவாகிறது.

'வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?'
'இல்லைங்க. சாப்பிடப் போறேன். நீங்க சாப்டீங்களா?'

படிவத்தில் எழுதினேன்:
புகார் தீர்ந்தது.
காரணம் என்ற கட்டத்தில்:
மதியம்.