அறுபதாம் நாள்

மீன் அறையில் எனக்கு இரவுக் காவல்.
முந்நூற்று நாற்பது தொட்டி,
அத்தனையிலும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத
வரிக்குதிரை மீன்கள்.
பூர்வீகம் கங்கைப் பக்கம்,
பெயர் மட்டும் ஆப்பிரிக்கப் புல்வெளியில் மேய்கிறது.
எனக்கு அது தலைகீழ்:
பிறந்தது டர்பன், சாட்ஸ்வொர்த்,
பெயர் படையாச்சி.
முதல் வாரமே ராசியாகிவிட்டோம்.

டாக்டர் நொக்கூலுங்கா செவ்வாய்க்கிழமை வெட்டுவார்.
மயக்க நீரில் கிடத்தி, நுண்ணோக்கிக்குக் கீழே
இதயத்தின் நுனியில் ஐந்தில் ஒரு பங்கு,
கடுகை நறுக்குவது போல.
ரத்தம் ஒரு நூல் புகையாய் எழுந்து உறையும்.
தொட்டிக்குத் திரும்பிய மீன்
அடியிலேயே கிடக்கும்,
பிறகு பசிக்கும் அல்லவா, மேலே வரும்.
அறுபதாம் நாள் திறந்து பார்த்தால்
வெட்டிய இடம் எதுவென்று
வெட்டியவருக்கே தெரியாது.

எனக்கும் ஓர் இடம் போயிருக்கிறது.
துறைமுகத்தில், கிரேன் கூண்டுக்குள்,
கீழே ஒரு கப்பல் சர்க்கரை காத்திருக்க.
ஆர். கே. கான் ஆஸ்பத்திரியில் படம் போட்டுக் காட்டினார்கள்:
'இந்தச் சுவர் ஆடவில்லை, பாருங்கள்.'
தழும்பு நல்லதுதானாம், கிழியாமல் பிடிக்கும்.
துடிக்க மட்டும் துடிக்காது.
வேலைக்கு வந்து
கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி.

மீனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று கேட்டேன்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
காயத்துக்குப் பக்கத்துத் தசை அணு
முதலில் தன் வேலையை மறக்க வேண்டும்.
இழுத்துக் கட்டிய கயிறுகளை உள்ளே அவிழ்த்துப் போட்டு
துடிப்பை விட்டுவிட்டு
குழந்தை ஆக வேண்டும்.
அப்புறம்தான் ஒன்று இரண்டாகும்.
தூங்கிய மரபணு சில விழிக்கும்,
பேசிக்கொண்டிருந்தவை சில வாயை மூடும்.
சுண்டெலிக் குட்டிக்கும் இது தெரியும்,
பிறந்து ஏழு நாள்வரை.
எட்டாம் நாள் கதவு சாத்திக்கொள்கிறது.

'நமக்கும் திறந்துவிட்டால் என்ன?'
'திறந்தால் மூடவும் தெரிய வேண்டும், மிஸ்டர் படையாச்சி.
மூடத் தெரியாத வளர்ச்சிக்கு வேறு பெயர்.'

அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.
சாலாட்சியின் வயிற்றில்
நிற்கத் தெரியாமல் வளர்ந்தது அது.
ஒரே வீட்டில், ஒரே கட்டிலில்
வளர மறந்தது ஒன்று,
நிறுத்த மறந்தது ஒன்று.
அவரிடம் இதைச் சொல்லவில்லை.
தொட்டி துடைக்கப் போய்விட்டேன்.

ஜூலையில் ஓர் ஞாயிறு, விடியுமுன்,
லோட் ஷெட்டிங்.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்தது.
குமிழிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தெரிந்தது
அந்த அறை எவ்வளவு பெரியது என்று.
போன் செய்தேன். குவளையை எடுத்தேன்.
மொண்டு, கை உயர்த்தி,
மேலிருந்து ஊற்றினேன், மறுபடி மொண்டு,
டீ ஆற்றுவது போல.
ஆற்றுவது என்ற சொல்லுக்கு
இத்தனை வேலை இருப்பது
டார்ச் வெளிச்சத்தில்தான் உறைத்தது.

ஒன்பதாம் வரிசையில் தொடங்கினேன்,
வெட்டுப்பட்டவை அங்கேதான்.
ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்றார்கள்;
குவளை ஒரு கிலோகூட இருக்காது.
எத்தனை முறை என்று அவர்கள் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அவர் வந்தார்,
செருப்புக் காலோடு, வீட்டுக் குவளையோடு.
ஒன்றும் பேசாமல் எதிர் வரிசையை எடுத்துக்கொண்டார்.
இருட்டில் தண்ணீர் மட்டும்
இங்கே ஒரு தரம், அங்கே ஒரு தரம்.

நாலு பத்துக்கு வெளிச்சம்.
பதினொரு மீன் மிதந்தது.
நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதினார்.
பிறகு என் முகத்தைப் பார்த்து,
தன் நெஞ்சில் விரல் வைத்து,
'இன்ஹ்லிஸியோ?'
ஜூலு மொழியில் இதயம்.

'ஓடுகிறது' என்றேன்,
'ஆடாத சுவரின் பங்கையும்
மற்றவை பார்த்துக்கொள்கின்றன.'

சிரிக்கவில்லை. நாற்காலியை நகர்த்தினார்.
உட்கார்ந்தபடியே இரை போட்டேன்.
வரிசை ஒன்பது, தொட்டி ஆறு,
நாள் பத்தொன்பது:
மேலே வந்தது ஒன்று, வாயைத் திறந்து.
இன்னும் நாற்பத்தொரு நாள்.