ஐந்தாவதும் ஏழாவதும்

ஷூ கம்பெனி பஸ் என்னை இறக்கிவிட்டபோது
மணி ஏழரை. விரலெல்லாம் பசை வாடை.
வீட்டெதிரே நான்கு பைக்.
விளக்கு எரியவில்லை என்று நான் மூன்று தரம் எழுதிக்கொடுத்த
அதே கம்பத்தடியில்
இருட்டாக நின்றிருந்தார்கள் மேல்தெருக்காரர்கள்.

எங்கள் தெருவுக்குள் அவர்கள் வண்டி வருவது
நடவுக்கு ஆள் கூப்பிட,
இல்லையென்றால் ஓட்டுக்கு.
இது இரண்டும் இல்லாத மாசம்.

"மெம்பரம்மா, ஒரு கையெழுத்து."
நான் ஜெயித்த நாளிலிருந்து
பக்தவச்சலம் என்னை மெம்பர் என்றது
அதுதான் முதல் தடவை.

விஷயம் தெரியாமல் இல்லை.
புங்கனேரி கீழ்மதகுக்கு அந்தண்டை பதினெட்டு ஏக்கர் கழனி.
போன போகம் நெல். இந்தப் போகம் கொடி:
சிவப்பும் மஞ்சளுமாய் முக்கோணக் கொடி,
மண்டையில் பெயிண்ட் அடித்த கல்,
வளைவில் 'கிரீன் பாரடைஸ் பேஸ் டூ'.
பேஸ் ஒன் எங்கே என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை.
ஞாயிறானால் வேலூரிலிருந்து வேன்,
வேனில் வந்தவர்களுக்கு பிரியாணி,
குலுக்கலில் ஒரு கிராம் தங்கம்.
கல் நட்டது எங்கள் அன்பரசு, நாளுக்கு எழுநூறு.
நோட்டீஸை நானும் எடுத்துப் பார்த்தேன்,
பொய் சொல்வானேன்.
ஒரு மனை என் பதினோரு வருஷச் சம்பளம்,
சாப்பிடாமல் இருந்தால்.

ஜேசிபி வந்த இரண்டாம் நாள்
ஏரிக் கால்வாயைக் காணோம்.
அவர்கள் வரைபடத்தில் அது முப்பதடி ரோடு.

போன் வெளிச்சத்தில் படித்தார் பக்தவச்சலம்.
ஆறு கோரிக்கை.
விவசாயம். நிலத்தடி நீர். ஆயக்கட்டு. கால்வாய்.
ஐந்தாவது:
'வெளியாட்கள் குடியேறினால் ஊர்க் கட்டுப்பாடு கெடும்.'
ஆறாவதுக்குப் போகப் பார்த்தவரை நிறுத்தி
"கட்டுப்பாடுன்னா இன்னாங்க?" என்றேன்.
ஒருவர் இருமினார்.
ஒருவர் வண்டிச் சாவியைத் தேடினார், கையில் வைத்துக்கொண்டே.

பதினான்கு வருஷத்துக்கு முன்
நாற்பத்திரண்டு குடும்பத்துக்கு மூன்று மூன்று சென்ட் கேட்டோம்,
அதே கால்வாய்க்கு மேட்டுப் பக்கம், புறம்போக்கில்.
தாசில்தார் வந்து அளந்துவிட்டும் போனார்.
அப்போதும் ஒரு மனு போனது கலெக்டருக்கு.
அதிலும் இருந்தது நிலத்தடி நீர்.
கையெழுத்துகூட இதே சாய்வுக் கையெழுத்து.

பதினெட்டு ஏக்கரில் நாலு ஏக்கர்
பக்தவச்சலத்தின் தம்பி விற்றது.
அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிழித்துப் போட்டிருப்பேன்.
ஆனால் கார்த்திகை மழையில்
போக வழியில்லாத ஏரித் தண்ணீர்
என் வீட்டு கேஸ் அடுப்பைத் தொட்டது.
தண்ணீருக்கு ஜாதி இல்லை என்பார்கள்.
அது பள்ளம் பார்த்து வருகிறது.
பள்ளத்தில் யாரைக் குடிவைத்தார்கள் என்று
எப்படியோ அதற்குத் தெரிந்திருக்கிறது.

"ஐந்தை அடிக்கணும். ஏழுன்னு ஒண்ணு எழுதணும்:
நாற்பத்திரண்டு பட்டா."
"அது வேற விஷயம்மா."
"அதே கால்வாய்தானே?"
பைக்குகள் போய்விட்டன.
மனு மட்டும் பிளாஸ்டிக் கவரோடு
என் டிவி மேல்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால்
கம்பத்தில் விளக்கு எரிகிறது.
யார் சொல்லி லைன்மேன் ஏறினானோ.
பூச்சி மொய்க்கும் அந்த வெளிச்சத்தில் நின்றே
ஐந்தாவதை அடித்தேன், பேப்பர் கிழிகிற மாதிரி.
ஏழாவதை என் கோணல் எழுத்தில் எழுதி
அதற்குக் கீழே கையெழுத்து: ம. செங்கொடி, ஆறாவது வார்டு.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்.
எட்டரை பஸ். எனக்கு ஒரு நாள் சம்பளம் போகும்.
யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.