உபரி வாயில்கள்

ஔலு நகரில் ஜனவரி.
பத்தேகாலுக்கு விடிந்து
மூன்றுக்குள் அணைந்துவிடும் வெளிச்சத்தை
அங்கே யாரும் பகல் என்று மதிப்பதில்லை.

பழைய பால்பண்ணைக் கட்டடம், இரண்டாம் மாடி.
வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில்
பஞ்சுக்குள் பன்னிரண்டு சில்லுகள்.
ஒவ்வொன்றையும்விட
சுண்டுவிரல் நகம் பெரிது.

முதல் சில்லைப் பலகையில் பொருத்தியவள்
சாரா கெம்ப்பாய்னென்.
கூட்டச் சொன்னாள், கூட்டியது.
பெருக்கச் சொன்னாள், பெருக்கியது.
மீட்டரில் மட்டும் பூஜ்யம்.
தட்டிப் பார்த்தாள்.
அடுத்த அறை மீட்டரை இரவல் வாங்கினாள்.
அதுவும் அதையே சொன்னது.

மின்சாரம் ஏறவேண்டிய காலை
பற்றவைக்கவே மறந்திருந்தார்கள்.
மத்தியானம்தான் தெரிந்தது.
பக்கத்துச் சில்லுகள் பேசிய பேச்சில்
சிந்தியதைக் குடித்தே
மூன்று மணி நேரம் ஓடியிருக்கிறது அது.

'பட்டினியிலும் வேலை செய்கிறது' என்றார்
மேலாளர் ருண்ட்ஸ்ட்ரோம்,
சம்பள உயர்வு கேட்டிருந்த இருவரைப் பார்த்து.

அதற்கு முந்தைய வருடம் முழுக்கச் சண்டை.
நினைவகம் தங்க விலை.
முப்பத்திரண்டு பிட்டில் சொல்வதைப்
பதினாறில் சொல் என்றார்கள்.
உருபை விழுங்கியும்
பொருளைக் கைவிடாத தொகைச்சொல் போல
கட்டளைகளைச் சுருக்கினார்கள்.
உள்ளே நுழையும் இடத்தில்
அவற்றை விரித்துச் சொல்ல ஒரு சின்னச் சுற்று.
அது சாராவின் வேலை.
காப்புரிமைத் தாளில் வேறு நான்கு பெயர்கள்.

பிறகு அந்தப் பிழை.

குளிரில் மட்டும்.
அதுவும் தூங்கி விழிக்கும்போது மட்டும்.
ஒரே ஒரு துடிப்பைத் தவறவிடும்,
பேச்சு அறுந்துபோகும்.
அறைக்குள் நூறு முறை முயன்றும்
நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது.

ஆகவே பென்த்தி ஹெல்கியோவை
உறைந்த கடல்மேல் அனுப்பினார்கள்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு பாகை.
பேச எதுவும் தோன்றாத மனிதர்,
கையோடு தொலைபேசிப் புத்தகத்தைக் கொண்டுபோனார்.
ஹாப்பலா, ஹார்யு, ஹெய்க்கினென்
என்று வாசித்துக்கொண்டே நின்றார்.
மேலே சாரா, அலைகாட்டியின் பச்சைக் கோட்டில்
இமைக்காமல்.

கார்ஹு வரை வந்தது.
கின்னுனென் பாதியில் செத்தது.
(கின்னுனெனா கிவேலாவா என்று
இப்போது அவருக்கே சந்தேகம்.
எனக்குச் சொன்னபோது கின்னுனென்.)

தூங்கும் சமிக்ஞையும் விழிக்கும் சமிக்ஞையும்
ஒரே வாசலில் முட்டிக்கொண்டிருந்தன.
நடுவில் ஒரு மறுப்பு போதும்,
ஒரே ஒரு 'இல்லை'.
ஆனால் சிலிக்கானில் எழுதி முடித்தாயிற்று.
புதிதாய்ச் செய்ய மூன்று மாதம்.
பணமோ ருண்ட்ஸ்ட்ரோமின் முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் சாரா
வரைபடத்தின் ஓரத்தைத் தொட்டாள்.
எதற்கும் இருக்கட்டும் என்று
அங்கங்கே தூவி வைத்திருந்தாள் பன்னிரண்டு வாயில்களை.
எதோடும் இணையாதவை.
இடத்தை அடைக்கும் தண்டம் என்று
கூட்டத்தில் திட்டு வாங்கித் தந்தவை.
மேலடுக்கு உலோகத்தை மட்டும் மாற்றி
அவற்றில் ஒன்றை எழுப்பினாள்.

இருபத்தைந்து வருடம் கழித்து
தார்த்துவின் பழைய சாமான் சந்தையில்
இரண்டு யூரோவுக்கு அந்தக் கைபேசியை வாங்கினேன்.
யாரோ ஒருவர் பொத்தான்களைத் தேய்த்திருந்தார்,
ஐந்து மட்டும் அழிந்திருந்தது.
சில்லை எடுத்துச் சூடான அமிலத்தில் இட்டேன்.
கறுப்புத் தோல் கரைந்தது.

நுண்ணோக்கியின் கீழே
எல்லாக் கம்பிகளும் ஒழுங்காய், வரிசையாய்,
குறுக்குவழி தெரிந்தவையாய்.
ஒன்று மட்டும்
உப்புக் கடன் கேட்க
ஊரின் மறுகோடிக்கு நடப்பவளைப் போல்
மூன்று தெரு தாண்டி, வளைந்து, திரும்பி
ஓரத்தில் இருந்த ஒரு வாயிலைத் தட்டிவிட்டு
வந்த வழியே திரும்பியிருந்தது.

வெகு நேரம் பார்த்தேன்.
பிறகு மற்றவற்றை எண்ணினேன்.
பதினொன்று.
கம்பி எதுவும் வந்து சேராமல்
அப்படியே.