இரண்டாம் மாடியில் நரகம்

கல்லூரியில் அந்த அலமாரிக்கு அதுதான் பெயர்.
"நரகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறதா பாருங்கள், மத்மசெல் பெலீல்"
என்பார்கள், சர்க்கரை கேட்பதுபோல.
ஓக் மரம். கண்ணாடிக் கதவு. உள்ளே பச்சைத் திரை.
சாவி என் இடுப்பில்
பதினேழு குளிர்காலமாக.

திருச்சபைச் சட்டத்தின்
ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் பிரிவு
எவையெல்லாம் விலக்கு என்று சொல்கிறது.
அதற்கு இரண்டு பிரிவு தள்ளி
யாருக்கெல்லாம் விலக்கு என்று சொல்கிறது:
கர்தினால்களுக்கு, ஆயர்களுக்கு.
நூலகக்காரிக்கு ஒரு வரியும் இல்லை.

தூசி தட்டலாம்.
முதுகில் அச்சிட்ட பெயரைப் படித்தால் பாவமா என்று
ஃபாதர் பெல்ரோஸிடம் கேட்டேன்.
மூன்று நாள் யோசித்தார்.
முதுகுக்குச் சட்டமில்லை என்றார்.

அவர்தான் தத்துவம் நடத்துகிறவர்.
இறுதியாண்டுப் பாடநூலில்
மறுக்கப்படவேண்டிய மனிதருக்கு நான்கு வரி,
மறுப்புக்கு ஆறு பக்கம்.
ஒவ்வொரு மே மாதமும் வாசக அறையில்
பையன்கள் உருப்போட்டு உருப்போட்டு
அந்த நான்கு வரி எனக்கே மனப்பாடம்.

நோர்மன் வெசினா என்று ஒருவன்,
மரம் அறுக்கும் ஆலைக்காரர் மகன்,
சட்டைக் கையில் எப்போதும் மை.
"மறுப்பதற்கு முன் ஒருதரம் படித்துவிடுகிறேனே"
என்று ஆயருக்குக் கடிதம் எழுதினான்.

பதில் வருவதற்குள்
தேர்வு வந்தது, போனது.
படிக்காதவரை மறுத்து
எண்பத்தேழு மதிப்பெண் வாங்கினான்.
கோடை வந்தது.
இலை சிவந்தது, உதிர்ந்தது.
செயின்ட் லாரன்ஸ் நதி உறைந்த வாரத்தில்
கடிதம் வந்தது:
ஒரு நூல். ஒரு மாதம்.
மறுப்பு எழுதும் பொருட்டு மட்டும்.

அப்போது அவன் சட்டக் கல்லூரி மாணவன்.
ஆனாலும் வந்தான்,
பூட்ஸில் பனியோடு, ரயிலேறி.

பூட்டைத் திறந்தேன்.
புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போனவன்
ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தான்.
"கத்தி இருக்கிறதா, மத்மசெல்?"

தாள்கள் வெட்டப்படவே இல்லை.
அச்சகத்தில் மடித்தது மடித்தபடி,
ஓரங்கள் ஒட்டியபடி,
ஒரு பக்கமும் வெளிச்சம் பார்த்ததில்லை.
வாங்கிய ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
பின்னட்டையில் கடன் அட்டை;
அனுமதி பெற்று எடுத்துச் சென்றவர்கள்
நான்கு கையெழுத்து.
அதில் இரண்டு ஃபாதர் பெல்ரோஸுடையது.

அவன் அட்டையைப் பார்த்தான்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஆப்பிள் நறுக்கும் என் கத்தியைக் கொடுத்தேன்.
சரக், சரக் என்று
பிற்பகல் முழுக்க அந்த ஓசை.
லத்தீன் படித்துக்கொண்டிருந்த சின்னப் பையன்கள்
தலை தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

ஆறு மணி ரயிலுக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட்டான்.
அறுபத்திரண்டாம் பக்கம் வரைதான் வெட்டியிருந்தது.
"சலிப்பாக எழுதுகிறார்" என்றான்,
ஏமாற்றமா நிம்மதியா தெரியவில்லை,
கத்தியைத் துடைத்து மேசையில் வைத்தான்.

விளக்கணைக்க நேரமிருந்தது.
படிப்பதற்குத்தான் தடை.
வெட்டுவதற்குச் சட்டமில்லை,
முதுகுக்கு இல்லாததுபோலவே.
நின்றபடியே வெட்டினேன்,
மேல்கோட்டுப் போட்டபடி,
கண்ணை ஓரத்தில் மட்டும் வைத்து.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் கை நின்றது.
அந்த நான்கு வரி.
எத்தனை மே மாதம் கேட்டவை,
எழுத்துப் பிசகாமல்
அப்படியே இருந்தன.

ஐந்தாவது வரி
'ஆனால்' என்று தொடங்கியது.