முப்பத்து நான்காவது சீட்டு

முன்பெல்லாம் எல்லோரும் எல்லோருக்கும் வாங்கினோம்.
கிறிஸ்துமஸ் கடன் அடைய
மே மாதம் சிங்கிறால் பருவம் திறக்கவேண்டும்.
ஒரு வருடம் எனக்கு மட்டும் பதினாறு மெழுகுவத்திகள்,
ஒன்பது லாவெண்டர் வாசனை.

மீன் ஆலையில் சம்பளக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஒரு ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்:
முப்பத்து மூன்று பேர், ஆளுக்கு முப்பத்திரண்டு,
ஆக மொத்தம் ஆயிரத்து ஐம்பத்தாறு பொட்டலங்கள்.
ஷெட்டிகாம்ப் ஊர் முழுக்கத் தேடினாலும்
அவ்வளவு ரிப்பன் கிடைக்காது.

அதனால்தான் சீட்டு.
நவம்பர் கடைசி ஞாயிறு, பிஸ்கட் டப்பா, கண்ணை மூடி ஒன்று.
முப்பது டாலருக்கு மேல் போகக்கூடாது.
கைக்குழந்தைக்கு அம்மா எடுக்கலாம்.
மெழுகுவத்தி கூடாது.
யார் யாருக்கு என்பதைச்
செத்தாலும் சொல்லக்கூடாது.

நாத்தனார் எடித் முணுமுணுத்தாள்,
பாசத்துக்கும் ரேஷனா என்று.
அந்த வருடம் முதலில் கை விட்டவள் அவள்தான்.

போன நவம்பரில் டப்பா சுற்றி வந்து
கடைசியாக என் மடியில் நின்றது.
உள்ளே ஒன்று இருக்கவேண்டும்.
இரண்டு இருந்தன.

ஒன்றில் லியோன்ஸ். இன்னொன்றில் நான்.

கூட்டிக் கழிக்க அரை நொடி ஆகவில்லை.
பழைய பட்டியலைப் பார்த்து வெட்டியிருக்கிறேன்.
ஜூனில் கோர்ட்டில் கையெழுத்தாகி
இந்த வீட்டை விட்டுப் போன ஓரகத்தி நோயெல்லாவை
என் கத்தரிக்கோல் போகவிடவில்லை.
அவள் பெயர்
இப்போது இந்தக் கூடத்தில் யாரோ ஒருவர் சட்டைப்பையில்.

"தப்பாகிவிட்டது, எல்லோரும் திருப்பிப் போடுங்கள்" என்றால்
யாராவது அதை விரிக்கவேண்டும்.
எதிரே பிளாசிட் உட்கார்ந்திருந்தான்,
கோழிக்கஞ்சிக் கிண்ணத்துக்குள் ஸ்பூனால் எதையோ தேடிக்கொண்டு.
டப்பாவை மூடினேன்.
என் பெயரை ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டேன்.

பண்டிகை ராத்திரி எனக்கும் ஒரு பொட்டலம் இருந்தது.
கம்பளிக் காலுறை, பன்னிரண்டு டாலர், நானே வாங்கி நானே சுற்றியது.
"யார் கொடுத்தது? உன் மனசு தெரிந்த ஆள்!" என்றார் என் கணவர்.
ஆமாம் என்றேன்.
முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
ஒரு முகமும் அசையவில்லை. இந்தக் குடும்பத்தில்
சீட்டாட எல்லோருக்கும் தெரியும்.

பிப்ரவரி. கூட்டுறவுக் கடை வாசல்.
மைனஸ் பத்தொன்பது, கடலிலிருந்து காற்று.
நோயெல்லாவின் கார் மூச்சு விடவில்லை.
என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பப் போனவள்
திருப்பாமல் டிக்கியைத் திறந்தாள்.
ஆரஞ்சு நிற பேட்டரி கேபிள்.
அட்டை உறைகூடப் பிரிக்கவில்லை,
பச்சை ரிப்பன் அப்படியே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
டெல்ஃபின்!
என் சின்னக் கொழுந்தன், பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன்,
எந்தச் சீட்டு வந்தாலும் பேட்டரி கேபிள் கொடுக்கிறவன்,
பிறந்து ஏழு மாதமான குழந்தைக்கே கொடுத்தவன்.
கோர்ட்டில் அண்ணன் பக்கம் நின்று
அவளை அவ்வளவு பேசினவன்.

சிவப்புக்குச் சிவப்பு மாட்டினோம்.
கறுப்பை அவள் என்ஜின் இரும்பில் கவ்வவைத்தாள்,
கற்றுக்கொடுத்த மாதிரி.
என் காரை ஓடவிட்டு
பத்து நிமிடம் நின்றோம், தோள் இடிக்காத தூரத்தில்.

"வாசலில் வைத்திருந்தது," என்றாள்.
"பெயர் இல்லை. யார் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரிந்தாலும் சொல்லக்கூடாது. விதி."

"உன் விதி," என்றாள்.
அவள் கார் இருமிவிட்டு எழுந்தது.
ரிப்பனை மட்டும் அவிழ்த்துக் கையுறைக்குள் செருகிக்கொண்டாள்.

மறுபடி நவம்பர்.
சமையல் மேசையில் சீட்டு வெட்டுகிறேன்.
பட்டியலைத் திருத்திவிட்டேன்; எடித்தின் மருமகன் புதிது,
லியோன்ஸ் போன மாதம் இறந்துபோனார்.
இரண்டு தடவை எண்ணியாயிற்று. முப்பத்து மூன்று.
காகிதத்தில் இன்னும் ஒரு விரல் அகலம் மிச்சம்.
கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.