கட்டை எண் பதினேழு

அய்யூர்க் காட்டில்
செத்த மரங்களுக்கு எண் போடுவது என் வேலை.
நிற்பவற்றை வனத்துறை எண்ணிக்கொள்ளும்.
விழுந்தவை, பட்டவை,
யானை உரித்துப் போட்டுவிட்டு மறந்தவை
எனக்கு.

அலுமினியத் தகடு, இரண்டு அங்குல ஆணி,
ஒன்றிலிருந்து நாற்பது வரை.

பதினேழு ஒரு வெக்காலி.
ஓடைக்கு மேலே குறுக்கே கிடந்தது.
பட்டைக்கும் தண்டுக்கும் நடுவில்
கத்தி முனை நுழைந்தால் போதும்
ஒரு ஊரே வாசலுக்கு வந்துவிடும்:
தபால்தலை கனத்தில் ஒரு வண்டு,
இருட்டைத் தின்றே வெளுத்த புழு,
வால் வைத்துக்கொள்ள மறந்துபோன
கடுகளவு தேள்.
பாதிக்கு மேல் பெயர் கிடையாது.
என் நோட்டில் அவை
பழுப்பு மூன்று, பழுப்பு நான்கு, மஞ்சள் கால்.

பழுப்பு பதினொன்றை
பதினேழில் மட்டும்தான் பார்த்தேன்.
"ஒரே கட்டையிலா? மறுபடி பார்"
என்று கோவையிலிருந்து எழுதினார் என் வழிகாட்டி.
காதை வைத்தேன்.
தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் உள்ளே சத்தம்.
அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

மாசிக் கடைசியில் போனபோது
பதினேழு இல்லை.
அது கிடந்த நீளத்துக்கு மண்
இன்னும் ஈரமாக இருந்தது,
சுற்றிலும் காடு சருகாய் நொறுங்கிக்கொண்டிருக்க.
யானை என்றுதான் முதலில் நினைத்தேன்.
யானை கோடாலிச் செதில் போடாது.

தொட்டியில்
ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் கழுத்தில்
மணிக்குப் பதிலாக ஆடிக்கொண்டிருந்தது
17.

கெம்பி மறைக்கவில்லை.
"நம்பர் போட்டா
வெட்டிக்கலாம்னுதானே அர்த்தம்?
டிப்பார்ட்மெண்ட்டுல அப்படித்தான் போடுவாங்க."

நான் ஆணியடித்த
நாற்பது இடங்களும் கண்முன் வந்தன.

"எத்தனை நாள் எரிஞ்சது?"
"ஒம்போது நாளு. களிக்கு, வெந்நிக்கு.
பொண்ணுக்கு சொரம், ராத்திரியெல்லாம் அணைக்கல."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்:
"உள்ளே ஏதாவது இருந்ததா?"

"இல்லாம? சூடு ஏற ஏற
வெட்டுன முனையில ஒண்ணொண்ணா வந்துச்சு.
நீட்டுக் கொம்பு வச்சது ஏழு.
தட்டித் தட்டி வெளிய விட்டேன்.
எதிர்ல அது பொரியறப்ப
எப்பிடிக்கா களி எறங்கும்?"

"பழுப்பா, அரிசி மாதிரி?"

"அது நெறைய. எண்ணல."
சற்று நிறுத்தி, வருத்தமாகவே சொன்னாள்:
"எண்ணணும்னு யாரும் சொல்லலியே."

நோட்டை விரித்தேன்.
பொறி வகை: அடுப்பு.
சேகரித்தவர்: கெம்பி.
நீள்கொம்பன் ஏழு, உயிருடன் விடப்பட்டன.
பழுப்பு பதினொன்று என்ற இடத்தில்
பென்சில் வெகுநேரம் நின்றது.

வேர்ப்பக்கத் துண்டு ஒன்று மிச்சம் இருந்தது,
கோடாலிக்கு மசியாத முடிச்சு.
மேலே கோழி உட்கார்ந்திருந்தது.
இரண்டு சுமை உண்ணிக்குச்சி கொண்டுவந்து தந்தால்
எடுத்துக்கொள் என்றாள்.
பேரம் படியவில்லை.
இரண்டு சுமைதான்.
முள் கீறிய கையோடு அதைச் சுமந்து இறங்கினேன்.

சோதனைச் சாவடியில் நாகோஜி
என் அனுமதிக் கடிதத்தை இருமுறை படித்தார்.
"பூச்சி கொண்டுபோகலாம்னு இருக்கு.
கட்டைன்னு இல்லையேம்மா."

"இது பூச்சிதான் சார்.
இன்னும் வெளியே வரல."

அவர் சிரிக்கவில்லை.
தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு
குனிந்து
காதை வைத்தார்.

பின்னால் ஓசூர் லாரி ஒன்று
ஆரன் அடித்தது.
பொறு என்று
கையை மட்டும் உயர்த்தினார்.